மழையைக் கைது செய்யுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே ஆள்தான் கொலை செய்துகொண்டிருக்கிறான். ஆளும் தெரியும், அவன் கைவரிசை காட்டும் மாதமும் தெரியும். 1993 டிசம்பர் 11: உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியில் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர். 2008 டிசம்பர் 6: புக்கிட் அந்தாராபங்சாவில் 5 பேர். 2021 டிசம்பர் 18: தாமான் ஸ்ரீ மூடா தொடங்கி உலு லங்காட் வரை வெள்ளம். 2022 டிசம்பர் 16: சற்று வடக்கே பத்தாங் காலி முகாமில் 31 பேர். ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பெரிய மனிதர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றில் வந்து நின்று குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார். மழை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் பிடிக்கவில்லை? மைகார்டு இல்லாதவன், நிரந்தர முகவரி இல்லாதவன், வக்கீல் வைக்க வசதி இல்லாதவன். நம் நாட்டில் இப்படிப்பட்டவனைப் பிடிப்பது சுலபமாயிற்றே.

அவனுக்கு ஒரு கூட்டாளியும் உண்டு, மண். 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் வெடித்து 30 மீட்டருக்கு மேல் தீ எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். வீடுகள் எலும்புக்கூடாக நின்றன, கார்கள் உருகிக் கிடந்தன. விசாரணை முடிந்தது: குழாயைத் தாங்கிய மண் நகர்ந்திருக்கிறது. சதியும் இல்லை, அலட்சியமும் இல்லை என்று காவல் துறை சொன்னது. உயிரோடிருக்கும் எவரும் எதுவும் செய்யவில்லை. நல்லவேளை.

புத்ரா ஹைட்ஸ் சுபாங் ஜெயா மாநகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. அதே எல்லையின் இன்னொரு மூலையில் இருக்கிறது எங்கள் ஸ்ரீ கெம்பாங்கான்.

இந்த ஊரின் முதல் நகரமைப்பு நிபுணர் முள்கம்பி. அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்று, பிரிட்டிஷாரின் பிரிக்ஸ் திட்டத்தின்படி சீனக் குடும்பங்களை அள்ளிவந்து வேலிக்குள் அடைத்தார்கள். இங்கே செர்டாங் பாரு என்ற புதுக்கிராமம் அப்படிப் பிறந்ததுதான். அந்தத் திட்டமிடலில் ஒரு நேர்மை இருந்தது என்பேன். வேலி கண்ணுக்குத் தெரிந்தது. யாரை எங்கே அடைக்கிறோம், எதற்காக என்று வெள்ளைக்காரன் ஒளித்துப் பேசவில்லை. இன்றைய வேலி வரைபடத்தில் வண்ணமாக இருக்கிறது. மேட்டுக்கு ஒரு வண்ணம், பள்ளத்துக்கு ஒரு வண்ணம். பள்ளத்தின் வண்ணத்துக்குப் பெயர் மலிவு விலை வீடு.

ஊரின் ஓரத்தில் ஹோங் ஃபாட் சுரங்கம் இருந்தது. உலகத்திலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய பள்ளம். ஈயம் தீர்ந்தது, தண்ணீர் நின்றது. தண்ணீரைப் பார்த்தபடி தங்கும் விடுதி, பேரங்காடி, கோல்ஃப் திடல், மாளிகை எல்லாம் எழுந்தன. இப்போது அதன் பெயர் தி மைன்ஸ். காசுள்ளவன் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற தண்ணீர் ஏரி. அதே மழையின் தண்ணீர் அரை மணி கழித்துக் காசில்லாதவனின் கதவைத் திறந்து உள்ளே வந்தால் திடீர் வெள்ளம். இப்பள்ளத்தாக்கு முழுக்க ஈயக்குட்டைகள் சிதறிக் கிடந்தன. யாரும் திட்டமிடாமலே அமைந்த நீர்த்தொட்டிகள் அவை. மூடக் கூடியவற்றை மூடி வீட்டுமனை ஆக்கினோம். மூட முடியாதவற்றுக்கு வேலி போட்டு, ஏரிக்காட்சி என்று விலையை ஏற்றினோம்.

இன்னொரு பக்கம் ஆயர் ஹித்தாம் காப்புக்காடு. 1906-இல் அரசிதழில் ஏறியபோது 4,000 ஹெக்டருக்கு மேல் இருந்தது. இன்று 1,200 ஹெக்டர் அளவில் வந்து நிற்கிறது. மிச்சமும் நிற்பதற்குக் காரணம், 1996-இல் 80 ஆண்டுக் குத்தகைக்கு அதைப் புத்ரா பல்கலைக்கழகம் கையில் வாங்கிக்கொண்டது. மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஒரு காடு வேண்டுமே. காடு குடித்துவந்த மழையை இப்போது தாரும் சிமெண்டும் குடிக்க வேண்டும். அவை குடிப்பதில்லை. கூயோ ஆறு என்று நாங்கள் மரியாதையாகச் சொல்லும் கால்வாயில் வழித்து ஊற்றிவிட்டுக் கை கழுவிக்கொள்கின்றன.

இவ்வளவையும் யாரைக் கேட்டுச் செய்தார்கள்? கேட்டுத்தான் செய்தார்கள். சட்டப்படி கேட்டார்கள். 1976-ஆம் ஆண்டின் நகர, புறநகர்த் திட்டமிடல் சட்டம், 172-ஆம் சட்டம், பிரிவு 21-ஐப் படித்துப் பாருங்கள். ஒரு மேம்பாட்டுத் திட்டம் வந்தால் அண்டை நிலத்தின் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் போக வேண்டும், 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபம் சொல்லலாம். யார் அண்டை? எல்லையை ஒட்டியவர். நடுவில் சாலை இருந்தால் அது 20 மீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது. வாடகைக்கு இருப்பவருக்கு வாய் கிடையாது, சொந்தக்காரருக்கு மட்டும்தான். அதுவும் அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டவரைவு இல்லாதபோதுதான். வரைவு இருந்தால் கடிதமும் வேண்டியதில்லை, அதை வரைந்தபோதே உங்களைக் கேட்டுவிட்டோமே என்பார்கள். நீங்கள் அன்று வேலைக்குப் போயிருப்பீர்கள்.

தண்ணீர் இந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. 20 மீட்டர் வந்ததும் நின்று திரும்பிப் பார்த்து, அப்பால் இருப்பவன் எனக்கு அண்டை இல்லை என்று போவதில்லை. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஆட்சேபம் சொல்ல உரிமையே இல்லாத ஒருவரின் சமையலறையில்தான் போய் உட்காருகிறது.

ஒரு விளக்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்தத் திட்டம், எந்த மண்டபம் என்பதை விடுங்கள். வாசலில் நாசி லெமாக் பொட்டலம், உள்ளே கடுங்குளிர், திரையில் முப்பது மாடிக் கட்டடம். கட்டடத்தைச் சுற்றி அதன் பாதி உயரத்துக்கு மரங்கள். ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் நம் பிள்ளைதான். நல்ல தமிழ் பேசினார். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். பக்கத்து மலிவு விலை ஃபிளாட்டின் கீழ்த்தளத்துக்காரர். அந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஐஸ்பெட்டி நான்கு செங்கல்மேல் நிற்கும். பிறப்புப் பத்திரம், மைகார்டு நகல், கல்யாணப் பதிவு எல்லாம் மைலோ டின்னில் அடைத்து அலமாரி உச்சியில் இருக்கும். சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு. அதற்கு மேல் புதிதாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள், கீழே அடிப்பதில்லை. வீண் செலவு.

"தம்பி, மழ பேஞ்சா எங்க வூட்டுக்குள்ள தண்ணி வருது. இந்தக் கட்டடம் வந்தா இன்னும் கூடுமா?"

"இல்ல ஆன்ட்டி. எங்க கணக்குப்படி இந்தத் திட்டத்தால கூடுதல் ஓட்டம் பூஜ்யம்."

"அப்ப இப்ப வர்றது யாரு வூட்டுத் தண்ணி?"

"அது வந்து… முன்னாடி வந்த திட்டங்களா இருக்கலாம் ஆன்ட்டி."

"அவங்களும் இதே மாதிரி படம் காட்டி, பூஜ்யம்னுதான்யா சொன்னாங்க."

அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள்.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். 2000-இல் வடிகால், நீர்ப்பாசன இலாகா மஸ்மா என்ற கையேட்டைக் கொண்டுவந்தது. 2012-இல் இரண்டாம் பதிப்பும் வந்தது. உருப்படியான கையேடுதான். கட்டுவதற்கு முன் அந்த நிலத்திலிருந்து வெளியேறிய உச்ச நீரோட்டத்தைவிடக் கட்டிய பிறகு கூடக் கூடாது என்கிறது. அதற்காகக் குளமோ நிலத்தடித் தொட்டியோ கட்டி, நீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடச் சொல்கிறது. ஆனால் தொட்டி உச்சத்தைத்தான் வெட்டும், மொத்தத் தண்ணீரைக் குறைக்காது. மண்ணுக்குள் போயிருக்க வேண்டிய நீர் கொஞ்சம் தாமதமாக அதே கால்வாய்க்குத்தான் வரும். மேலே பத்துத் திட்டம் பத்துத் தொட்டியை மெதுவாகத் திறந்துவிட்டால், அந்தப் பத்து மெதுவும் கீழே ஒரே நேரத்தில் வந்து சேரலாம். கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் இருக்கும் தொட்டியில் சேறு ஏறிவிட்டதா என்று எத்தனை பேர் குனிந்து பார்க்கிறார்கள்? ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாகப் பூஜ்யம். பூஜ்யங்களைக் கூட்டினால் முழங்கால் அளவு.

இனி அந்தப் பிரபலமான வாசகத்துக்கு வருவோம். 2021 வெள்ளத்தின்போது சுற்றுச்சூழல், நீர் அமைச்சின் தலைமைச் செயலாளர் ஜைனி உஜாங், ஒரு மாதத்தின் சராசரி மழையைவிட அதிகம் ஒரே நாளில் பெய்துவிட்டது, இது நூறாண்டுக்கு ஒருமுறை நடப்பது என்றார். மழையின் அளவு உண்மை. மேற்குக் கரையில் வழக்கமில்லாத வெப்பமண்டலக் காற்றழுத்தத் தாழ்வு அது. ஆனால் நூறாண்டு என்று கேட்டதும் நம் சனம், அப்படியா, அடுத்தது பேரன் காலத்தில்தான் என்று மூச்சு விட்டது. பொறியாளர் சொல்லும் நூறாண்டு அதுவல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். இந்த ஆண்டு வந்துவிட்டால் அடுத்த ஆண்டு வரக் கூடாது என்று தடை ஏதும் இல்லை. 35 ஆண்டு வீட்டுக் கடன் எடுத்தவருக்குக் கணக்குப் போட்டால், கடன் அடையும் முன் அந்த மழையைப் பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு. இது பழைய மழைப் பதிவுகளை வைத்துப் போடும் கணக்கு. கடலும் காற்றும் சூடேறிவிட்ட இன்றைய வானத்துக்கு அது இன்னும் கூடும். வீட்டு விற்பனைக் கூடத்தில் சலவைக்கல், நீச்சல் குளம், இலவசக் குளிர்சாதனம் எல்லாம் சொல்வார்கள். இந்த முப்பதைச் சொன்ன விற்பனையாளரை நான் சந்தித்ததில்லை. நூறாண்டு வெள்ளம் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2022 மார்ச் 7-இல் கோலாலம்பூர் மறுபடி நனைந்தது.

2021 வெள்ளத்தின் சேதம் நாடு முழுக்க 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்குக் காட்டியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, அவற்றில் ஏறத்தாழப் பாதி சிலாங்கூரில். ஸ்ரீ மூடாவில் சனங்கள் மேல்மாடியிலும் கூரையிலும் நின்றுகொண்டு படகுக்குக் கத்தினார்கள். அரசாங்கத்தை முந்திக்கொண்டு, குருத்வாராவிலும் கோயிலிலும் சமைத்து எடுத்துக்கொண்டு வந்தவர்கள் சாதாரண மனிதர்கள். பிறகு அமைச்சர் ரீனா ஹாருண் நீர்பாய்ச்சும் குழாயைப் பிடித்துச் சேற்றைக் கழுவும் காணொளி வந்தது. வெள்ளத்தில் நனைந்த ஊருக்கு இன்னும் தண்ணீர். குடும்பத்துக்கு 1,000 வெள்ளி உதவித்தொகை அறிவித்தார்கள். மெத்தைக்கே பத்தாது.

நகர மையத்தைக் காப்பாற்ற மட்டும் நமக்குத் தெரியும். 2007-இல் 190 கோடி வெள்ளி செலவில் 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்மார்ட் சுரங்கம் திறந்தார்கள். மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் ஆறு பெருகாமல் வெள்ளத்தைத் திருப்பிவிடும் வித்தை, நடுவில் கார் போகும் பாதையும் உண்டு. தண்ணீருக்கு இலவசம், காருக்கு 3 வெள்ளி. அது பலமுறை நகரத்தைக் காத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆபத்தை இடம் மாற்றத் தெரிந்தவர்களுக்கு, எந்த இடத்துக்கு மாற்றுகிறோம் என்பதும் தெரியும் என்றுதான் சொல்கிறேன்.

கடவுளின் செயல் என்பார்கள் சிலர். இந்தப் பள்ளத்தாக்கில் கடவுளின் நிலைமை தெரியாதா? தோட்டக் கோயில்கள் பலவற்றுக்கு நிலப்பட்டா கிடையாது. சீஃபீல்ட் மாரியம்மன் ஓர் இடத்தில் நிற்பதற்கே நீதிமன்றம், கலவரம் எல்லாம் பார்த்தாள். ஆறடி மண்ணுக்கு உரிமை இல்லாத சாமிதான் ஆறு முழுக்கப் பெருக வைத்ததாம்.

ஹைலண்ட் டவர்ஸ் வழக்கில் மட்டும் ஒரு விபத்து நடந்தது. நீதிமன்றம் மழையின் பெயரைச் சொல்லாமல் மனிதர்களின் பெயரைச் சொல்லிவிட்டது. 2000-இல் உயர் நீதிமன்றம் மேம்பாட்டாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர், பக்கத்து நிலத்துக்காரர்கள் என்று பொறுப்பைப் பங்கு பிரித்தது. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15 விழுக்காடு. வெகுநாள் நிலைக்கவில்லை. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தவறைத் திருத்தியது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், பிரிவு 95(2): கட்டட வரைபடத்தை ஆராய்ந்து அங்கீகரித்த காரணத்துக்காக ஊராட்சி மன்றத்தின் மேல் வழக்கோ கோரிக்கையோ கூடாது. அந்தக் கட்டடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அவர்களுக்கு இல்லை. முத்திரை குத்தும் கை உண்டு, பதில் சொல்லும் வாய் இல்லை. 48 பேர் செத்த பிறகு நாம் கற்ற பாடம் இது.

தேர்தலில் தோற்கடிக்கலாமே என்று கேட்பீர்கள். யாரை? ஊராட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்திவைத்தார்கள். இந்தோனேசியாவுடன் மோதல் என்பது காரணம். மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது, தேர்தல் மட்டும் இன்னும் போருக்குப் போன இடத்திலிருந்து திரும்பவில்லை. மன்றத்துக்கு 24 பேர் வரை நியமனம், கட்சிகள் பங்கு பிரித்துக்கொள்ளும். பாகுபாடே கிடையாது. பழைய ஆட்சியும் நியமித்தது, புதிய ஆட்சியும் நியமிக்கிறது. எதிர்க்கட்சியாக இருந்தபோது தேர்தல் வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள், 2008-இல் சிலாங்கூரைப் பிடித்த பிறகு எங்கள் பட்டியலில் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினார்கள். மழை நாளில் நம் வாட்சப் குழுவில் ஒய்பி குடையோடு நிற்கும் படம் வரும். அதற்கு நாம் கைகூப்பும் சின்னம் போடுவோம். நம்மையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து நெடுஞ்சாலையில் சிறிது தூரம் தெற்கே போனால் புத்ராஜெயா. வீடமைப்பு அமைச்சு, நகரத் திட்டமிடல் இலாகா, பேரிடர் நிர்வாக நிறுவனம் எல்லாம் அங்கேதான். செயற்கை ஏரியைச் சுற்றி அகலமான சாலைகள். அதற்கு முன் அது பிராங் புசார் தோட்டம். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் 1921-இல் போட்ட ரப்பர் தோட்டம். அதிலும் சுற்றியிருந்த மெடிங்லி, செட்ஜ்லி, கலோவே தோட்டங்களிலும் பால் மரம் வெட்டியவர்கள் யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைநகரம் கட்ட அவர்களை லயத்திலிருந்து கிளப்பி, டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் மலிவு அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். தரைவீடு என்றுதான் பேச்சு, கிடைத்தது ஃபிளாட். சில ஆண்டிலேயே சுவர் வெடித்தது, கூரை ஒழுகியது, குடியிருக்கவே ஆபத்து என்ற நிலை. சொன்ன தரைவீட்டுக்காக 20 ஆண்டுக்கும் மேல் மனுவும் மறியலுமாக அலைந்தார்கள். ஒரு நாட்டின் நகரத் திட்டமிடல் தலைமையகமே எந்த மண்ணில் நிற்கிறதோ, அந்த மண்ணின் மனிதர்களுக்கு நானூறு வீடு போல ஒழுங்காகக் கட்டிக்கொடுக்கத் தெரியவில்லை. அவர்களிடம்தான் நாம் பருவநிலைத் தகவமைப்புத் திட்டம் கேட்கிறோம்.

வடக்கே போனால் புக்கிட் ஜாலில். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்கு அரங்கம் எழுந்தது தோட்ட நிலத்தில். மிச்சமிருந்த 41 குடும்பங்கள், எஞ்சிய 26 ஏக்கரில் 4 ஏக்கர் வீட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தன. இன்னும் தள்ளி புக்கிட் கியாரா. அங்கே முன்னாள் தோட்டத் தொழிலாளர்களை 1980-களில் தற்காலிகம் என்று சொல்லி நீண்ட வீட்டில் குடிவைத்தார்கள். தற்காலிகம் முப்பது ஆண்டைத் தாண்டி ஓடியது. 2017-இல் ஒருவழியாகக் கருணை பிறந்தது: ரிம்பா கியாரா பூங்காவில் விலையுயர்ந்த கொண்டோ கோபுரங்கள் எட்டு, பக்கத்தில் இவர்களுக்கும் ஒரு கட்டடம். பூங்காவைக் காக்க வழக்குப் போட்டவர்கள் ஏழைக்கு வீடு கிடைப்பதைத் தடுப்பவர்கள் என்று பிரச்சாரம் நடந்தது. 2023 ஏப்ரலில் அந்த அனுமதி ரத்தானதைக் கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தது. பூங்கா பிழைத்தது, நல்லது. நூறு குடும்பத்துக்கு வீடு கட்ட எட்டுக் கோபுரம் எதற்கு என்று ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் வழக்கே வேண்டியிருக்காது.

அடுத்து நகரப் புத்தாக்க மசோதா. 2025 ஆகஸ்டில் அமைச்சர் ஙா கோர் மிங் மக்களவைக்குக் கொண்டுவந்தார். 30 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடம் என்றால் 80 விழுக்காட்டு உரிமையாளர் சம்மதம், 30 தாண்டினால் 75, கைவிடப்பட்டது என்றால் 51 என்றது அது. பழைய ஃபிளாட்டுகள் இடிந்து விழும் நிலையில் இருக்கின்றன, எதையாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் முப்பது ஆண்டில் அவை ஏன் அந்த நிலைக்கு வந்தன என்று மசோதாவைத் தூக்கிப் பிடித்தவர்கள் பேசவில்லை. வீட்டை இடிக்க எத்தனை பேர் சம்மதம் என்று தசமப் புள்ளி வரை எண்ணத் தெரிகிறது. மேலே ஒரு குன்றை வெட்டும்போது கீழே நனையப்போகும் நூற்றில் எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்று எண்ண ஒரு பிரிவும் இல்லை.

ஆகையால் மழையைக் கைது செய்வது சரிப்படாவிட்டால், ஒரு சின்னச் சட்டத் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கிறேன். ஊராட்சி மன்றத்தைக் காக்கும் அந்தப் பிரிவு 95(2)-ஐ நீக்கச் சொல்லவில்லை. அதை எங்களுக்கும் நீட்டுங்கள். நீங்கள் அங்கீகரித்த வரைபடத்தை நம்பி, நீங்கள் முத்திரை குத்திய கட்டடத்தில், நல்லெண்ணத்தோடு வீடு வாங்கியவர் மேல் வங்கி எந்த வழக்கும் தொடுக்கக் கூடாது, தவணை கேட்டுக் கடிதம் போடக் கூடாது, ஏலம் விடக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். கீழ்த்தளத்து அம்மாவுக்கு அது போதும். வங்கிகள் கூச்சலிடும். கடன் கொடுக்கும் முன் பொறியாளரை அனுப்பி மேட்டையும் பள்ளத்தையும் அவர்களே அளந்து பார்ப்பார்கள். அளந்த பிறகு பாதித் திட்டங்களுக்குக் கடனே கிடைக்காது. அன்றைக்கு மேம்பாட்டாளர் சங்கமே திரண்டு வந்து, வெள்ளத்துக்கு ஏதாவது செய்யுங்கள் ஐயா என்று புத்ராஜெயா வாசலில் உட்காரும். அவர்களுக்கு உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.